மெல்லும் மாலைகள்: எது தாங்கும், எப்போது மாற்ற வேண்டும்

சட்டைக் கழுத்து, பென்சில் முனை, பள்ளிப்பையின் வார், அம்மாவின் முந்தானை என்று கைக்கு எட்டியதையெல்லாம் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக, கழுத்தில் அணியும் மெல்லும் மாலைகளும் கையில் அணியும் மெல்லும் வளையல்களும் இணையக் கடைகளில் இப்போது ஏராளமாகக் கிடைக்கின்றன. இவற்றைப் பற்றி மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எத்தனை நாள் உழைக்கும்? என் மகன் பயன்படுத்தியவற்றை வைத்து அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். ஆனால், ஒரு மாலை எவ்விதமாகச் சேதமடைகிறது, சேதம் தொடங்கிய அன்றே மாற்றிக் கொடுப்பதற்கு இன்னொன்று வீட்டில் இருக்கிறதா என்னும் இரண்டும், தோட்டப்புறத்தை ஒட்டிய இதுபோன்ற சிறு நகரங்களில் வாழ்கிறவர்களுக்கு, அது உழைக்கும் காலத்தைவிட முக்கியமானவை என்று நான் கருதுகிறேன். நம் ஊர்க் கடைகளில் இந்தப் பொருளை நான் கண்டதில்லை. கொரியரில் வந்து சேர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், கிழியத் தொடங்கிய மாலையை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று பிள்ளையின் கழுத்திலேயே விட்டுவைப்பது பல வீடுகளில் இயல்பாக நடக்கிறது. அந்தக் கொஞ்ச நாளில்தான் துண்டு பெயர்ந்து வாய்க்குள் போகும் ஆபத்து இருக்கிறது.

என் மகனுக்குப் பத்து வயது. ஓ.கே.யு. எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருக்கும் அவன், ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறான். இரைச்சல் மிகுந்த இடங்களிலும் நெடுநேரம் காத்திருக்க வேண்டிய வேளைகளிலும் அவனுக்குத் தாடைக்கு வேலை தேவைப்படுகிறது. மெல்லும்போது தாடைத் தசைகளிலும் மூட்டுகளிலும் உண்டாகும் அழுத்த உணர்வு சில பிள்ளைகளை நிதானப்படுத்துகிறது என்று அவனைப் பார்க்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) விளக்கினார். மாலை வாங்கும் முன் அவர் கேட்டது, பிள்ளை கடிப்பதோடு நிறுத்திக்கொள்கிறானா அல்லது கடித்ததை விழுங்குகிறானா என்பதுதான். மண், காகிதம், துணி, சுண்ணாம்பு போன்றவற்றை விழுங்கும் பழக்கத்துக்கு இரும்புச்சத்துக் குறைபாடு உட்படப் பல காரணங்கள் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மாலை வாங்குவதற்கு முன் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முறை. விழுங்கும் பழக்கமுள்ள பிள்ளையின் கையில், கிழியக்கூடிய எந்தப் பொருளும் மற்றப் பிள்ளைகளிடம் இருப்பதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது.

இனிப் பொருளுக்கு வருகிறேன். முதலில் மலிவானவை. மூன்று நான்கு சிலிக்கோன் பதக்கங்களை ஒரே பொட்டலமாகக் கட்டி 10 முதல் 20 ரிங்கிட்டுக்குள் இணையத்தில் விற்கிறார்கள். டைனோசர், இறகு, நட்சத்திரம், விளையாட்டுக் கட்டை என்று பிள்ளைகளைக் கவரும் வடிவங்களில், மென்மையாகவும் கைக்கு இதமாகவும் இருக்கும் இவை, உதட்டால் வருடிக்கொண்டும் எப்போதாவது கடித்துக்கொண்டும் இருக்கும் பிள்ளைக்குப் போதுமானவை. எங்கள் உறவுக்காரப் பெண் குழந்தை ஒருத்தி இதே வகைப் பதக்கத்தை மாதக்கணக்கில் அணிந்தும் அதில் கீறல்கூட விழவில்லை. என் மகனைப் போல் முழு வலிமையோடு கடிப்பவர்களுக்கு இவை சில நாள்களே தாங்குகின்றன. டைனோசரின் வால், இறகின் ஓரம், நட்சத்திரத்தின் முனை ஆகிய மெல்லிய பகுதிகளே முதலில் போகின்றன. அவை போகும் விதமும் கவலைக்குரியது, ஏனென்றால் கிழிந்து தொங்குவதற்குப் பதிலாக அந்த முனைகள் முழுத் துண்டாகவே பெயர்கின்றன. அடுத்தபடியாகப் பலவீனமான இடம் கயிறு நுழையும் துளை. பதக்கத்தை வாயில் வைத்துக்கொண்டு கயிற்றைக் கையால் இழுக்கும் பழக்கம் பல பிள்ளைகளுக்கு உண்டு. அந்த இழுவிசை முழுவதும் துளையின் மேல்விளிம்பில் இறங்குவதால், நடுப்பகுதி புத்தம் புதிதாகத் தெரிந்தாலும் துளை உள்ளுக்குள் கீறியிருக்கும். ஆகவே வடிவத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள், மெல்லிய முனைகள் இல்லாமல் தடித்த ஒரே கட்டையாக அமைந்ததையும், துளையைச் சுற்றி நல்ல கனம் உள்ளதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது, இத்துறைக்கென்றே தயாரிக்கும் நிறுவனங்களின் பொருள்கள். பிரிட்டனின் சூவிஜெம், அமெரிக்காவின் சூவி டியூப்ஸ், ஆர்க் தெரபியூட்டிக் ஆகியவை பெற்றோரிடையே பரவலாகப் பேசப்படும் பெயர்கள். இவற்றுள் ஆர்க் நிறுவனத்தின் மாலைகளையும் கையில் பிடித்து மெல்லும் கிராப்பர் வகையையும் நாங்கள் அதிகம் பயன்படுத்தினோம். இந்நிறுவனம் ஒரே வடிவத்தை மூன்று கடினத் தரங்களில் விற்கிறது: சாதாரண மென்தரம், எக்ஸ்.டி. எனப்படும் நடுத்தரம், எக்ஸ்.எக்ஸ்.டி. எனப்படும் மிகக் கடினமான தரம். இந்தப் பாகுபாடு உண்மையிலேயே பயனுள்ளது. சட்டைக் கழுத்தை ஈரமாக்கும் பிள்ளைக்கு மென்தரமும், சட்டைக் கழுத்தில் ஓட்டை போடும் பிள்ளைக்கு நடுத்தரமும், பென்சிலை இரண்டாகக் கடித்துவிடும் பிள்ளைக்கு மிகக் கடினமான தரமும் ஒத்துவரும் என்று நான் மற்றப் பெற்றோருக்குச் சொல்லி வருகிறேன். அதிகக் கடினமே அதிக நன்மை என்று எண்ணி நேராக மூன்றாம் தரத்துக்குப் போக வேண்டாம். தாடை வலிமை குறைந்த பிள்ளைக்கு அது கல்லைக் கடிப்பதாகத் தோன்றும். ஓரிரு முறை கடித்துப் பார்த்துவிட்டு மீண்டும் சட்டைக்கே திரும்பிவிடும். பால்பற்கள் ஆடி விழும் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான காலத்தில், பல் ஆடுகிற வாரங்களில் மென்தரத்துக்கு மாற்றிக் கொடுப்பது நல்லது; பல்லில் வலியோ ஈறில் இரத்தமோ கண்டால் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடினத்தைப் போலவே பிள்ளை எந்தப் பல்லால் கடிக்கிறது என்பதும் ஆயுளைத் தீர்மானிக்கிறது. முன்பற்கள் வெட்டுவதற்கானவை; முன்பல்லால் கடிப்பவர்களின் பதக்கத்தில் கோடுகோடாக வெட்டுகள் விழும். கடைவாய்ப் பற்கள் நசுக்குவதற்கானவை. அவற்றால் கடிக்கும் பிள்ளைக்குக் கழுத்துப் பதக்கம் வாயின் உட்பகுதிவரை எட்டுவதில்லை, அதனால் பிள்ளை முழுப் பதக்கத்தையும் வாய்க்குள் திணிக்கப் பார்க்கும். அப்படிச் செய்யும் பிள்ளைக்கு மாலையைவிட நீண்ட குச்சி வடிவமோ, ஆங்கில ஒய் எழுத்து வடிவமோ பொருத்தமானது. என் மகனுக்கு மாலையிலிருந்து நீள வடிவத்துக்கு மாறியதும் அதே நடுத்தரப் பொருள் பல மாதங்கள் தாங்கியது. கடினத் தரத்தை மட்டும் உயர்த்திக்கொண்டே போயிருந்தால் இந்தப் பலன் கிடைத்திருக்காது.

மூலப்பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பலரும் இதை ரப்பர் என்றே நினைக்கிறார்கள். பால்மரம் வெட்டிய தலைமுறை இன்னும் வாழும் ஊரில் அப்படி நினைப்பது இயற்கைதான். ஆனால், இயற்கை ரப்பர்ப் பாலில் உள்ள புரதங்கள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், தரமான மெல்லும் பொருள்கள் சிலிக்கோனிலோ, தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர் எனப்படும் செயற்கைப் பொருளிலோ செய்யப்படுகின்றன. ரப்பர் வளையம், சைக்கிள் டியூப் துண்டு, தோட்டத்துக் குழாய் ஆகியவற்றை மாற்றாகக் கொடுக்கவே கூடாது. அவற்றில் கலந்துள்ள வேதிப்பொருள்கள் வாயில் வைப்பதற்கானவை அல்ல. சிலிக்கோன் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் கிழிவைத் தாங்கும் வலிமை குறைவு. கத்தரிக்கோல் முனை பட்ட துணி ஒரே இழுப்பில் நெடுகக் கிழிவதைப் போல, சிறிய வெட்டு ஒன்று விழுந்துவிட்டால் அடுத்தடுத்த கடியில் அது விரைவாக நீளும். இதனால்தான் கிழிந்த ஓரத்தைக் கத்தரித்துச் சீராக்குவதும் பசை போட்டு ஒட்டுவதும் பயனற்றவை. கத்தரித்த இடமே புதிய கிழிவின் தொடக்கமாகிவிடும். பசையோ வாய்க்குள் போகும்.

பதக்கத்தின் தரத்தைப் பேசுகிற அளவுக்குக் கயிற்றையும் கொக்கியையும் யாரும் பேசுவதில்லை. நல்ல மாலைகளில், ஓரளவு வலுவாக இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பாதுகாப்புக் கொக்கி இருக்கும். மாலை சறுக்குமரத்திலோ கதவுப் பிடியிலோ மாட்டிக்கொண்டால் பிள்ளையின் கழுத்து நெரிபடாமல் காப்பது இந்தக் கொக்கிதான். எங்கள் வீட்டில் என் மாமியார், "இழுத்தா கழண்டு விழுது அம்மா, அதான் முடிச்சுப் போட்டுக் கட்டிட்டேன்" என்று அன்போடு செய்து வைத்திருந்ததைப் பார்த்தேன். கழல்வதுதான் அதன் வேலை என்று அவரிடம் விளக்கி, முடிச்சை அவிழ்த்தேன். வேறு வீடுகளில் கொக்கி தளர்ந்த பிறகு பதக்கத்தைத் தாயத்துக் கட்டும் கறுப்புக் கயிற்றிலும், வெள்ளிச் சங்கிலியிலும் கோத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். இவை எவ்வளவு இழுத்தாலும் அறாதவை. ஆகவே பிள்ளையின் கழுத்துக்கு இவை ஆபத்தானவை. கொக்கி தளர்ந்தால் கொக்கியுள்ள புதிய கயிற்றையே மாற்ற வேண்டும். அது கிடைக்கும்வரை பதக்கத்தைக் கையில் கொடுக்கலாம், அல்லது சட்டைப் பையில் கிளிப்பால் மாட்டும் சிறிய பட்டையைப் பயன்படுத்தலாம். கொக்கியையே எடுத்து மெல்லும் பிள்ளைகளும் உண்டு. அதன் இரு பாதிகளும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அளவில் இருப்பதால், அந்தப் பிள்ளைகளுக்குக் கழுத்து மாலையே வேண்டாம் என்பது என் முடிவான கருத்து.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில், பல் முளைக்கும் குழந்தைகளுக்கான மாலைகளைப் பற்றியும், ஆட்டிசம், கவனக்குறைவு மிகைச்செயல்பாடு உள்ளவர்கள் உணர்வுத் தூண்டலுக்காக அணியும் மாலைகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பதினெட்டு மாதக் குழந்தை ஒன்று தூக்கத்தில் அம்பர் மணி மாலை கழுத்தை இறுக்கி இறந்ததும், ஏழு மாதக் குழந்தை ஒன்றுக்குப் பெற்றோரின் பார்வையில் இருந்தபோதே மரக் கைவளையத்தின் மணிகள் தொண்டையில் அடைத்ததும் அதில் குறிப்பிடப்பட்டுள்ளன. அவை கைக்குழந்தைகளுக்கு நேர்ந்தவை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் பிள்ளைகளில் பலர் விடியற்காலையிலேயே பள்ளி வேனில் ஏறி, தோட்டம் தோட்டமாகச் சுற்றிப் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் வேனிலேயே தூங்கிவிடுகிறார்கள். ஆகையால் வேனில் ஏறும்போது மாலையைக் கழற்றிப் பையில் வைக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்த வேண்டும். இரவுத் தூக்கத்துக்கும் உடற்கல்விப் பாடத்துக்கும் இதே விதி.

நான் செய்யும் சோதனை எளிது. ஒவ்வொரு நாளும் இரவில் மாலையைச் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரு கைகளாலும் இழுத்தும் வளைத்தும் பார்க்கிறேன். துளையின் உள்விளிம்பில் விரலை விட்டுச் சுற்றுகிறேன். பிறகு மேற்பரப்பு முழுவதையும் நகத்தால் மெல்ல வருடுகிறேன். பல் பதிந்த பள்ளம் மட்டும் இருந்தால் நகம் வழுக்கிக்கொண்டு போகும், அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். நகம் எங்காவது மாட்டினால் அங்கே வெட்டு விழுந்திருக்கிறது. அந்தப் பொருள் மறுநாள் காலையில் பிள்ளையிடம் போகக் கூடாது. வளைக்கும்போது வாய் திறக்கும் கோடு, பிசுபிசுப்பு, கழுவியும் போகாத வாடை, முன்பில்லாத சொரசொரப்பு ஆகியவையும் மாற்றுவதற்கான அடையாளங்கள். துண்டு குறைந்திருப்பது தெரிந்தால் தரையிலும் பையிலும் தேடிப் பார்க்க வேண்டும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயமிருந்து வாந்தி, வயிற்று வலி, எச்சில் வடிதல் போன்றவை தென்பட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் உடனே 999. நம் ஊரின் ஈரப்பதத்தில் துணிக் கயிறு இரவு முழுவதும் உலராமல் கறுப்புப் பூஞ்சை பிடிப்பதையும் பார்க்கிறேன். பதக்கம் நன்றாக இருந்தாலும் கயிற்றை அதற்கு முன்பே மாற்ற வேண்டி வரலாம்.

மாற்றுவதில் இன்னொரு சிரமம் பிள்ளையின் மனம். பழைய மாலை பழகிப்போன பிள்ளைக்குப் புதியது ஒரே நிறமாக, ஒரே வடிவமாக இருந்தாலும் வேறு பொருளாகவே தோன்றும்: விறைப்பு வேறு, வாடை வேறு, வாய்க்குள் படும் உணர்வு வேறு. பழையதைப் பிடுங்கிக்கொண்டு புதியதைத் திணித்தால், குப்பைத்தொட்டியிலிருந்து பழையதைத் தேடி எடுக்கும் பிள்ளைகள் உண்டு. இதற்கு நான் கண்ட வழி, தொடக்கத்திலேயே ஒரே மாதிரியான இரண்டை வாங்கி நாள்விட்டு நாள் மாற்றிக் கொடுப்பது. இரண்டும் வாய்க்குப் பழகிவிடுவதால் ஒன்று சேதமானால் மற்றது தயாராக இருக்கும். மூன்றாவதைத் தருவிக்கும் காலத்தில் பிள்ளையும் தவிக்காது. புதிதாக வந்ததை வீட்டில் வழக்கமாகப் பயன்படுத்தும் சோப்பிலேயே சிலமுறை கழுவினால் தொழிற்சாலை வாடை குறைகிறது. கொதிநீரில் போடலாமா என்பதை உறையில் படித்துவிட்டுச் செய்ய வேண்டும். கழித்துவிட்ட பழைய மாலையை முழுதாக எறியாமல் சிறு துண்டுகளாக வெட்டி, காகிதத்தில் சுற்றி எறிவது நல்லது. அதைத் தம்பி தங்கைக்கு விளையாடக் கொடுப்பது கூடவே கூடாது.

பள்ளியில் ஒன்றை வைத்திருப்பதும் உதவுகிறது. பெயர் எழுதிய மூடியுள்ள டப்பாவில் மாற்று மாலையைப் போட்டு வகுப்பு உதவியாளரிடம் கொடுத்து, எதைப் பார்த்தால் மாற்ற வேண்டும் என்பதை அவரிடம் நேரில் காட்டிவிட்டேன். மற்றப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்கும் இது உதவுகிறது.

சான்றுகள் விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. நம் நாட்டில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு, பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, பாதுகாப்புத் தரத்துக்கு ஏற்றது என்று காட்டும் எம்.சி. முத்திரை தேவை. மெல்லும் மாலைகள் சிலவேளை விளையாட்டுப் பொருளாகவும், சிலவேளை நகையாகவும், சிலவேளை சிகிச்சைக் கருவியாகவும் விற்கப்படுவதால், வாங்குகிறவர் எதை எதிர்பார்ப்பது என்று தெரியாமல் போகிறது. மலிவுப் பொட்டலம் விற்ற ஓர் இணைய விற்பனையாளரிடம் சோதனைச் சான்றிதழைக் கேட்டேன். அவர் அனுப்பிய படத்தில் இருந்தது வேறொரு பொருளின் பெயர். மருத்துவத் தரம் என்ற சொல்லைப் படத்தின்மேல் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று பயன்படுகிறது. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியதாகக் கருதப்படுகிறது. பிள்ளைக்குப் பத்து வயது ஆனாலும், எல்லாவற்றையும் வாயில் வைக்கும் பழக்கம் உள்ளவரை, அவனுக்கும் இந்த அளவையே பின்பற்ற வேண்டும் என்பது என் எண்ணம். மணிகளைக் கோத்துச் செய்த மாலைகளை நான் முற்றாகத் தவிர்ப்பதற்கு இதுவே காரணம்: கயிறு ஓரிடத்தில் அறுந்தால் அத்தனை மணிகளும் ஒரே நேரத்தில் சிதறும்.

விலையில், சிறப்பு நிறுவனங்களின் பொருள் ஒன்றுக்கு 50 முதல் 70 ரிங்கிட் வரை கொடுத்திருக்கிறேன். 2024 ஜனவரி முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி தருவிக்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதால், உள்நாட்டு விற்பனையாளரிடம் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அவரிடமே வாங்குவது பல வேளைகளில் கட்டுப்படியாகிறது. பொருளும் விரைவில் வருகிறது. தோட்ட வேலையை நம்பி வாழும் குடும்பத்துக்கு இரண்டாக வாங்குவது பெரிய செலவுதான். அப்படிப்பட்டவர்கள் முதலில் மென்தர மலிவுப் பதக்கத்தில் தடித்த வடிவம் ஒன்றை வாங்கி, தாங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுத்துப் பிள்ளையின் கடியின் வலிமையை அறிந்துகொண்டு, பிறகு தகுந்த தரத்தில் பணத்தைப் போடலாம். குழந்தைப் பொருள் கடைகளில் கிடைக்கும் பல் முளைக்கும் வளையங்களை மட்டும் இதற்குப் பதிலாக வாங்க வேண்டாம். அவை ஈறால் கடிக்கும் கைக்குழந்தைகளுக்கானவை. உள்ளே நீர் நிரப்பியவற்றைப் பெரிய பிள்ளையின் கடைவாய்ப் பல் துளைத்துவிடும்.

வலுவாகக் கடிக்கும் பிள்ளைக்கு நடுத்தரக் கடினத்தில் நீள வடிவம் இரண்டு, மென்மையாகக் கடிக்கும் பிள்ளைக்குத் தடித்த பதக்கம் இரண்டு என்பதே என் பரிந்துரை. நாங்கள் வாங்கியவற்றில் பெரும்பாலானவற்றின் உறையில் பராமரிப்புக் குறிப்பு ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் மிகச் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கு அது பயன்படாததால், நகச் சோதனையையும் கொக்கியில் முடிச்சுப் போடக் கூடாது என்பதையும் தமிழில் பெரிதாக எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். உள்நாட்டு விற்பனையாளர்கள் இந்தக் குறிப்பை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் அச்சிட்டுக் கொடுத்து, கொக்கியுள்ள கயிற்றைத் தனியாகவும் விற்கத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.